மேல் கொட்டகைக் கோழிகள்

பணி ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்துவார்கள், சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். கடிகாரத்துக்குப் பேட்டரி போட மறந்துவிட்டார்கள், அது வேறு விஷயம். அன்று எங்கள் பரிசோதனைக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள் என் மேசையைக் காலி செய்து தருகிறோம் என்று வந்தார்கள். அடி இழுப்பறையிலிருந்து ஒரு வினிகர் பாட்டிலை எடுத்து, "ஏனுங்க்கா, ஆபீஸ்லயே ஊறுகாய் போட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இப்போதெல்லாம் முட்டைக்கோழிக்கு வேண்டிய தாது உப்பு அத்தனையும் கலந்து அச்சடித்த பையில் வருகிறது. பையில் போட்டிருப்பதை நம்பினால் போதும். கல்லை எடுத்து வினிகரில் போட்டுப் பார்க்கிற கிறுக்கு எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றுவது நியாயந்தான்.

சிரித்து முடித்த பிறகு அவர்களில் ஒருத்தி கேட்டாள். "பெரிய டாக்டர் ஒரு தடவகூடத் தப்பாச் சொன்னதே இல்லையாமா? நெசமாங்க்கா?"

"ஒரு தடவைகூட இல்லை" என்றேன். அன்றைக்கு அப்படித்தான் சொல்ல முடிந்தது. இப்போது எழுதலாம். இதில் வருகிற அம்மாவே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். பிலோமினா என்று வைத்திருக்கிறேன்.

நான் ஏற்காட்டுக்காரி. அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். பள்ளி முடித்து, பரிசோதனைக்கூட உதவியாளர் பயிற்சி முடித்து, மலையிறங்கிச் சேலத்தில் ஒரு தனியார் கோழிநோய்ப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டில் கழுவினேன். தீவனத்தை எரித்துச் சாம்பலை எடை போட்டேன். செத்த கோழி வாடையோடு பஸ் ஏறி, பக்கத்து இருக்கைக்காரர்களை எழுந்து ஓட வைத்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "ஆஸ்பத்திரி வேலைங்க" என்று மட்டும் சொல்வார்.

அந்தக் கூடத்தைத் தொடங்கியவர் டாக்டர் ஞானசேகரன். பிள்ளைகள் கேட்ட பெரிய டாக்டர் அவர்தான். மெதுவாகப் பேசுவார், மெதுவாக நடப்பார். பண்ணைக்காரர்கள் பதறிப்போய்க் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்கும்போது அவர் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருப்பார். பார்க்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும். கொட்டகை வாசலுக்குப் போனதும் உள்ளே நுழைந்துவிட மாட்டார். வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை வைத்தபடி கண்ணை மூடி நிற்பார். கோழிகளின் மூச்சில் கரகரப்பு உண்டா, தீனித் தொட்டியைக் கொத்தும் சத்தம் எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் முதலில் காதால் பார்ப்பார். பிறகு தண்ணீர். குழாயில் வருவதை உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்ப்பார். பிறகு தீவனம். அதற்கும் பிறகுதான் நோய். அந்த வரிசையை அவர் மாற்றி நான் பார்த்ததில்லை.

கோழியை அறுத்துப் பார்ப்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார். செத்தது ஒன்று, படுத்தது ஒன்று, நன்றாக நிற்பது ஒன்று. மூன்றையும் திறந்தால்தான் வாயைத் திறப்பார். செத்ததைக் கொடுக்க யாரும் தயங்கமாட்டார்கள். மூன்றாவதுக்குத்தான் சண்டை. "நல்லா இருக்கறத எதுக்குங்க அறுக்கறீங்க?" என்று பண்ணைக்காரர் கேட்பார். "செத்ததுகிட்ட எப்படிச் செத்துச்சுன்னு கேக்கலாம். எப்ப ஆரம்பிச்சுதுன்னு இதுகிட்டத்தானுங்க கேக்கணும்" என்பார் டாக்டர். அந்த மூன்றாவது கோழியைக் கையில் எடுக்கும்போது மட்டும், "மன்னிச்சுக்குங்க அம்மணி" என்று மெல்லச் சொல்வார். கோழிக்கும் 'ங்க' போட்டுப் பேசிய மனிதரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. மூன்றையும் திறந்து முடிக்கும் முன் எவ்வளவு வற்புறுத்தினாலும் டீ குடிக்கமாட்டார். என்ன நோய் என்று கேட்டால், "இன்னும் திறக்கலீங்க" என்பதுதான் பதில். இருக்கலாம், போல இருக்கிறது என்கிற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அது ஒரு ஐப்பசி. மலையில் விடாத மழை. சேலத்திலிருந்து ஏறுகிற பெரிய பாதையில் பாறை சரிந்து, லாரிகளை விடுவதில்லை என்று நிறுத்திவிட்டிருந்தார்கள். ஒரு காலை நேரம் பிலோமினா அக்கா போனில் அழுதார். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்குப் பக்கம் டீக்கடை நடத்திக்கொண்டிருந்தவர். கணவர் இறந்த பிறகு கடையை விட்டுவிட்டு, ஓர் எஸ்டேட்டில் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்த்தார். பள்ளி விடுதிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் அவர் முட்டைதான் போகும்.

"டாக்டருங்க, எல்லாம் கால் விழுந்து கெடக்குதுங்க. எச்சமெல்லாம் வெள்ளை வெள்ளையாத் தண்ணியாப் போவுது. தோல்முட்டையா விழுது. வெள்ளைக்கழிச்சல்னு மேனேஜர் சொல்றாருங்க. எல்லாத்தையும் இன்னைக்கே பொதைக்கணுங்கறாரு."

வெள்ளைக்கழிச்சல் என்பது கோழி வளர்ப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிற பேர். எச்சம் வெளுத்துக் கழியும், கால் இழுத்துக்கொள்ளும், முட்டை நின்றுபோகும், ஒரு கொட்டகையில் வந்தால் ஊரே காலி. அக்கா சொன்ன அடையாளம் ஒவ்வொன்றும் அதில் அப்படியே பொருந்தியது.

"படுத்ததுல கொஞ்சம் எனக்குன்னு எடுத்து வைங்கம்மா. நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ணாதீங்க" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு போய்விட்டது. எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டோம், போகவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு குப்பனூர்ச் சிறு பாதை வழியாக ஏறினோம். வழியெல்லாம் செம்மண் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஆரனை அழுத்தினார்.

நாங்கள் போய் இறங்கியபோது மேல் கொட்டகையில் சத்தமே இல்லை. டாக்டர் வழக்கம்போல வாசலில் கண்ணை மூடி நின்றார். உடனே திறந்துவிட்டார். கூண்டுகள் காலி. கொட்டகைக்குப் பின்னால் காப்பிச் செடிகளுக்கு நடுவில் புதிதாக மூடிய மண், அதன்மேல் சுண்ணாம்புத் தூள் தூவி மழையில் கரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டாவது குழியை நான்கைந்து ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்டேட் மேனேஜர் தங்கராஜ் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவரைக் கெட்டவராக எழுத எனக்கு மனம் வரவில்லை. லைன் வீடுகளில் தொழிலாளிகள் ஆளுக்கு நாலு கோழி வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். "நான் சின்னப் பையனா இருக்கறப்ப இந்த நோவு வந்து மலையில ஒரு சேவல் கூவலீங்க டாக்டர். மறுபடி அதைப் பாக்க என்னால ஆகாது. மேல இருந்தது பூராவும் படுத்துருச்சு, முடிச்சுட்டோம். சாயங்காலம் ஆளுங்க வேலை விட்டுப் போறதுக்குள்ள கீழ் கொட்டகையும் முடிச்சாகணும்."

பிலோமினா அக்கா ஒரு மூங்கில் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மேல் கொட்டகையில் படுத்த கோழிகள் கொஞ்சம். "நீங்க எடுத்து வைக்கச் சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சுங்க" என்றார். அடுத்துச் சொன்னது விழவில்லை. டாக்டர் அந்தக் கூடையை வாங்கிக்கொண்டார்.

"கீழ இருக்கறதும் போச்சுன்னா அண்ணன் ஊட்டுக்குத்தான் போவணுங்க" என்றார் அக்கா. "அங்க போனா அடுப்படிதான். சாவற வரைக்கும் அடுப்படிதான்." அதற்குமேல் அவர் அழவில்லை. அழுது முடித்திருந்தார் என்று நினைக்கிறேன்.

கீழ் கொட்டகையில் பாதிக்கு மேல் நின்றுகொண்டிருந்தன. டாக்டர் காதை வைத்தார். மூச்சில் கரகரப்பு இல்லை. தண்ணீர் நன்றாக இருந்தது. கோழிகள் தீனித் தொட்டியை இடிக்கிற இடியில் கூண்டே ஆடியது. வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழி இப்படித் தின்னாது. எனக்கு நம்பிக்கை வந்து, அவர் முகத்தைப் பார்த்தேன். அவர், "தடுப்பூசி போட்டீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போட்டிருந்தார்கள். ஆனால் மருந்து கீழேயிருந்து பஸ்ஸில் வந்தது, வரும்போது ஐஸ் கரைந்துவிட்டது என்று அக்கா சொன்னதும் என் நம்பிக்கை கரைந்துபோயிற்று.

கொட்டகை ஓரத்தில் ஒரு பலகையைப் போட்டு கீழ் கொட்டகைக் கோழிகளிலேயே மூன்றைத் திறந்தோம். மேனேஜர் தலைமாட்டில் நின்றார்.

முட்டையிடும் கோழி ஓடு போடுவது பெரும்பாலும் இருட்டிய பிறகு. அதற்கு வேண்டிய கால்சியத்தைத் தீனியிலிருந்து எடுக்கும். தீனியில் இல்லையென்றால் முட்டையை நிறுத்திவிடாது, தன் எலும்பைக் கரைத்து ஓடு போடும். முட்டை மேல் முட்டையாக இடுகிற நல்ல கோழிதான் முதலில் படுக்கும். அதனால்தான் முட்டைக்கோழிக்குக் கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ உடைத்துத் தீனியோடு கலந்து வைப்பார்கள். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

செத்த கோழியின் தொடை எலும்பை டாக்டர் எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். நல்ல எலும்பு படக்கென்று சத்தம் போட்டு உடையும். இது முருங்கைக் குச்சி மாதிரி வளைந்து கொடுத்தது. நெஞ்செலும்பு கோணியிருந்தது. வெள்ளைக்கழிச்சல் என்றால் சிறு இரைப்பையின் உட்புறத்தில் ரத்தப் புள்ளிகள் இருக்க வேண்டும். கழுவிக் கழுவிப் பார்த்தோம், ஒரு புள்ளி இல்லை. படுத்த கோழியும் அப்படியே. மூன்றாவதை எடுத்து, "மன்னிச்சுக்குங்க அம்மணி" என்றார். அதன் வயிற்றில் ஒரு முட்டை இருந்தது. மேலே ஓடு இல்லை, தோல் மட்டும்.

"அப்ப வெள்ளைக்கழிச்சல் இல்லீங்களா?" என்றார் மேனேஜர்.

"இல்லைன்னு சொல்லலீங்க. எலும்புல சத்து இல்லை, அது மட்டும் தெரியுது. அதோட சேர்ந்து நோவும் வந்திருக்குதான்னு ரத்தம் எடுத்துட்டுப் போய்ப் பாத்தாத்தான் தெரியுங்க."

"எப்பத் தெரியும்?"

"சில நாள் ஆகுங்க."

"என்கிட்ட சாயங்காலம் வரைக்குந்தான் இருக்குது" என்றார் மேனேஜர். குழி வெட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

எனக்கு ஒரு வேலை மீதியிருந்தது. கோழிக்குப் பல் கிடையாது. தின்றதை அரைவைப்பை என்கிற கெட்டியான சதைப் பையில் கல்லோடு சேர்த்து அரைத்துக்கொள்ளும். மூன்று கோழியின் பையையும் பிளந்து, உள்ளே இருந்ததைச் சல்லடையில் கழுவினேன். மூன்றிலும் வெள்ளைக் கல். பை வெடிக்கிற அளவுக்குக் கல். கலக்க வேண்டிய கல்தானே, கால்சியம் வயிறு நிறைய இருக்கிறதே, பிறகு எலும்பு ஏன் இப்படி ஆயிற்று? ஒரு கல்லை விரலில் உருட்டினேன். விரல் கீறி ரத்தம் வந்தது. உள்ளே போன சுண்ணாம்புக்கல் வயிற்றுப் புளிப்பில் கரைந்து, சப்பிய கற்கண்டு மாதிரி வழவழவென்று ஆகியிருக்க வேண்டும். இது சம்மட்டியால் உடைத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"சார்" என்று கூப்பிட்டு என் விரலைக் காட்டினேன். அவர் விரலைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தார். அதில் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

"ஏனுங்கம்மா, ஊட்டுல வினிகர் இருக்குதுங்களா?" என்று அக்காவிடம் கேட்டார். "கூடவே பழைய முட்டை ஓடும் கொண்டாங்க."

இரண்டு சாஸர். ஒன்றில் நொறுக்கிய முட்டை ஓடு, இன்னொன்றில் கழுவிய வெள்ளைக் கல்லைப் பொடித்துப் போட்டோம். வினிகரை ஊற்றியதும் முட்டை ஓடு புசுபுசுவென்று நுரைத்துப் பொங்கியது. கல் வாயே திறக்கவில்லை. நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். கல் கல்லாகவே கிடந்தது.

"இதை எங்க வாங்குனீங்கம்மா?"

அக்காவுக்கு அப்போதும் புரியவில்லை. "கிளிஞ்சல் லாரி வரலீங்க, ரோட்ட அடைச்சுட்டாங்களே. கீழ அடிவாரத்துல ஊட்டுத் தரைக்குப் போட வெள்ளைக்கல்லு ஒடச்சு விப்பாங்கல்லங்க, அவங்ககிட்ட ஜீப்புல போட்டுக் கொண்டாந்தேன். பாக்க நம்ம கல்லு மாதிரியேதான் வெள்ளையா இருந்துச்சு. கோழிங்க அவ்வளவு ஆசையாத் தின்னுச்சுங்க டாக்டர். எவ்வளவு போட்டாலும் தின்னுச்சுங்க. நானும் அள்ளி அள்ளிப் போட்டேன்."

சேலத்துக்காரர்களுக்கும் ஏற்காட்டுக்காரர்களுக்கும் வெள்ளைக்கல் தெரியாமல் இருக்காது. மலையிறங்கும்போது கரடு கரடாக வெளுத்துக் கிடப்பது அதுதான். எங்கள் எஸ்டேட் பங்களாவில் பூச்செடிகளுக்கு வரப்பு கட்டியிருந்ததுகூட அந்தக் கல்தான். அது சுண்ணாம்பு இல்லை, மக்னீசியம். நமக்கு வயிறு கழியக் கொடுக்கிற மருந்தில் இருக்கிற சரக்கு. அதனால்தான் எச்சம் தண்ணீராகப் போயிற்று, கல்லின் பொடியும் சேர்ந்து வெளுத்தது. எலும்பு கரையக் கரையக் கோழிக்குச் சுண்ணாம்பு ஆசை ஏறியிருக்கிறது. வெள்ளையாகக் கண்டதைத் தின்று, கிடைக்காமல், மறுபடி தின்று, அதுகள் பசியோடு கல்லை விழுங்கியிருக்கின்றன. வேறு ஊராக இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. வேறு ஊரில் இந்தக் கல் எங்கே கிடைக்கிறது?

டாக்டர் இதை அக்காவிடம் எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மேனேஜர் விடவில்லை. விடாததில் நியாயம் இருந்தது. "கல்லு தப்புதான், ஒத்துக்கறேன். நோவு இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"தரமாட்டேனுங்க" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு பண்ணலாம். பால் காய்ச்சல்ல படுத்த மாட்டுக்குப் போடற கால்சியம் ஊசி வண்டியில இருக்குது. தண்ணி கலந்து படுத்த கோழிக்குப் போடறேன். நோவால படுத்திருந்தா அது எழுப்பாதுங்க. இந்தச் சுண்ணாம்புப் பசியால படுத்திருந்தா எழுப்பும். ஆளுங்க வேலை விடற வரைக்கும் பொறுங்க."

மேனேஜர் வானத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். "வெட்டறத நிறுத்தமாட்டேன்" என்றார். அதுதான் அவர் கொடுத்த சம்மதம்.

கூடையில் இருந்த மேல் கொட்டகைக் கோழிகளோடு கீழே படுத்ததிலும் சிலவற்றை எடுத்தோம். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாத பரிசோதனை அவருக்குப் பிடிக்காது. அக்காவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் வாங்கி, மேல் கொட்டகைக் கோழிகளின் காலில் மட்டும் கட்டச் சொன்னார். அக்காவேதான் கட்டிக் கொடுத்தார். மருந்து பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, ஒவ்வொன்றுக்கும் தோலுக்கடியில் போட்டோம். அடுப்படிக்கு எதிரே தாழ்வாரத்தில் சாக்கை விரித்து வரிசையாகப் படுக்க வைத்தோம். அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

காத்திருப்பதைப் போல ஒரு கொடுமை இல்லை. மழை ஓட்டில் அடித்தது. கடப்பாரைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போகப்போக அந்தச் சத்தம் மண்ணுக்குள்ளிருந்து வந்தது, குழி ஆழமாகிறது என்று அதிலேயே தெரிந்தது. ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டுச் செத்துப்போயிற்று. அதன் காலில் நூல் இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் அன்றைக்குக் கட்டாயம் சண்டை போட்டிருப்பேன். டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்து, கோழிகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் போகிற கோழி முதலில் விரலைத்தான் மடக்குமாம். எனக்கும் விரல்களைப் பார்த்துப் பார்த்துக் கண் வலி எடுத்தது.

மழை சற்று விட்டது. வேலை விட்டு ஆட்கள் கீழே லைன் பக்கம் இறங்கத் தொடங்கும் பேச்சுச் சத்தம் கேட்டது. மேனேஜர் குடையை மடக்கி, "போதுங்க டாக்டர்" என்றார்.

அப்போது ஒரு கோழி விரலை மடக்கியது. காலைத் தனக்கடியில் இழுத்துக்கொண்டது. எழ முயன்று சரிந்தது. மறுபடி எழுந்தது, இரண்டு பக்கமும் இறக்கையை ஊன்றிக்கொண்டு நின்றது. நின்றதோடு விடவில்லை. தள்ளாடித் தள்ளாடிப் போய், தரையில் வைத்திருந்த சாஸரில் வினிகரில் ஊறிக்கிடந்த முட்டை ஓட்டைக் கொத்தித் தின்றது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"நிறுத்துங்கடா, வெட்டறத நிறுத்துங்க!" என்று மேனேஜர் குழியைப் பார்த்து ஓடினார்.

அந்தக் கோழியின் காலில் சிவப்பு நூல் இருந்தது.

நான் அதைப் பார்த்த அதே நேரத்தில் டாக்டரும் பார்த்தார். எதையும் மெதுவாகச் செய்கிற மனிதர் சட்டென்று குனிந்தார். அறுவைக் கத்திரியை எடுத்து அந்த நூலை வெட்டினார். பக்கத்தில் இன்னொன்று எழ முயன்றுகொண்டிருந்தது, அதன் நூலையும் வெட்டினார். மீதி எல்லாவற்றின் நூலையும் வெட்டி, துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தார். நிற்கிற கோழியைப் பார்த்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைத் தடவிக் கொடுத்தார். இன்னொன்றும் எழுந்தது. அவர் சிரித்தார், கும்பிட்டார், மாதாவே மாதாவே என்றார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. தலை மேல் கொட்டகைப் பக்கம் திரும்பியது.

"அப்ப... காத்தால பொதைச்சதுங்க?"

கடப்பாரை நின்றுவிட்டதால் எங்கும் சத்தமில்லை.

"அதுங்க பொழச்சிருக்காதுங்கம்மா" என்றார் டாக்டர். "நொம்ப முத்திப் போச்சு. எலும்பே இல்லை அதுங்களுக்கு."

"நெசமாலுங்களா டாக்டர்?"

"நெசமாத்தானுங்க. ஒரு டீ குடுங்கம்மா, குடிச்சுட்டுக் கெளம்பறோம்."

திரும்பும்போது ஜீப்பில் குப்பனூர் வரைக்கும் நான் பேசவில்லை. அதற்குமேல் அடக்க முடியவில்லை. "மூணு கோழி திறக்காம ஒரு வார்த்தை சொல்லமாட்டீங்களே சார். மேல் கொட்டகையில ஒண்ணுகூடத் திறக்கலியே" என்றேன். குரலில் கோபந்தான் இருந்தது. எது உண்மையோ அதைச் சொல்வதற்குத்தானே இந்த வேலை என்று நினைத்திருந்தேன்.

அவர் வெளியே பார்த்தபடி சொன்னார். "நாளைக்குக் காத்தால எந்திரிச்சுக் கீழ் கொட்டகைக்கு யாரு தீனி போடறது கண்ணு? அந்தம்மாதானே போடணும்."

ரத்தப் பரிசோதனையில் வெள்ளைக்கழிச்சல் இல்லை என்று வந்தது. கிளிஞ்சல் கிடைத்தது, கீழ் கொட்டகை தேறியது, முட்டையில் ஓடு ஏறியது. அக்கா அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. மறுவருடம் மேல் கொட்டகையிலும் கோழி விட்டார். அதன் பிறகு எந்தப் பண்ணைக்குப் போனாலும் நான் வினிகர் எடுத்துப் போவேன், கல்லின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் திரும்பமாட்டேன். டாக்டர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன.

எப்போது ஏற்காடு போனாலும் அக்காவைப் பார்க்காமல் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் பேச்சு சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்கு வந்துவிடும். "மேல் கொட்டகைக் கோழிங்க பொழச்சிருக்காதுன்னு டாக்டரே சொன்னாரில்ல தெரசா?" என்பார். "ஆமாங்க்கா" என்பேன். அடுத்து வேறு பேச்சு. இந்த ஒரு பொய்யை வருடக்கணக்காகச் சுமக்கிறேனே என்று பஸ்ஸில் வரும்போது டாக்டர்மேல் எரிச்சல்கூட வரும்.

ஓய்வு பெற்ற பிறகு போனபோது, பிள்ளைகள் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் அவரிடம் சொன்னேன். அக்காவுக்கு இப்போது பண்ணை இல்லை, முழங்கால் வலி. கொஞ்ச நேரம் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அடுப்படி சன்னல் எங்க இருக்குது, நெனப்பிருக்குதா உனக்கு?" என்றார். "தாழ்வாரத்தப் பாத்துத்தான். ஜெபம் பண்ணப் போனவ கண்ணை மூடிட்டா இருந்திருப்பேன்? அந்தப் பெரிய மனுசன் குனிஞ்சு குனிஞ்சு நூலை வெட்டுனத நான் பாத்துட்டுத்தான் வெளிய வந்தேன்."

"தெரிஞ்சேதான் அவர்கிட்ட அப்படிக் கேட்டீங்களா?"

"வேற யாருகிட்டக் கேக்கறது? அவரு என்ன சொல்றாருன்னு பாத்தேன். சொன்னாரு. அத வெச்சுத்தான் மறுநா எந்திரிச்சேன்."

"சரி, வருசா வருசம் என்கிட்ட எதுக்குங்க்கா கேட்டீங்க?"

"நீ ஆமான்னு சொல்லுவியே, அதுக்குத்தான்."

அவர் அழவில்லை, நானும் அழவில்லை. எழுதிக்கொள், பேரை மாற்றிவிடு என்று அப்போதுதான் சொன்னார். பிறகு சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தார்.

"ஏன் தெரசா, அதுங்க பொழச்சிருக்காதில்ல?"

"பொழச்சிருக்காதுங்க்கா" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார்.